கார் கீழே நிற்கட்டும்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மறுபடி திறந்துவிட்டதிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும் கார்க் கதைதான். கலியாண வீடு, அந்தியேட்டி வீடு, கோயில் அன்னதான வரிசை, ஓரிடமும் மிச்சமில்லை. வரி எவ்வளவு, யென் எந்த விலையில் நிற்கிறது, கையில் இருக்கிற விட்ஸ் காரை இப்போதே தள்ளிவிடுவதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா. அண்மையில் ஒரு சொந்தக்காரர் என்னிடமும் கேட்டார்: "நீங்கள் எப்ப மாத்தப் போறியள்?" மாற்றுகிற யோசனை இல்லை, இருக்கிறதையே கிழமையில் ஒரு நாள் இரண்டு நாள்தான் வெளியில் எடுக்கிறோம், மற்ற நாட்களில் பஸ்ஸும் ரயில் கோச்சியும்தான் என்றேன். மனுஷன் குரலைத் தாழ்த்தி, "ஏன் பிள்ளை, ஏதும் காசுக் கஷ்டமே?" என்றார்.

அவர்மேல் கோபமில்லை. இங்கே கணக்கு அப்படித்தான். கார் வைத்திருக்கிறவர் பஸ்ஸில் ஏறினால் ஒன்றில் கார் கராஜில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கை கடித்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதோடு 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பழைய கார் விலைபோகிற அதிசயத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதற்குப் பிறகு கார் என்பது ஓடுகிற சாமான் மட்டும் இல்லை, பெட்டகத்தில் இருக்கிற நகை மாதிரி. லீசிங் கட்டி முடியும் முன்பே "இப்ப வித்தால் எவ்வளவு போகும்" என்று பார்க்கிறோம். அப்படிப்பட்ட ஒன்றைக் கீழே நிறுத்திவிட்டு 101 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதென்றால் சனம் சந்தேகப்படத்தானே செய்யும்.

எனக்குச் சுற்றாடல் பற்று பொங்கி இந்த வழிக்கு வந்தேன் என்று கதைவிட மாட்டேன். 2022இன் பெற்றோல் தட்டுப்பாடுதான் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த வருஷம் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெற்றோல் ஷெட்டிலிருந்து தொடங்கிய வரிசை சந்தி தாண்டி, ஒழுங்கைகளுக்குள் திரும்பி, யாருடைய வீட்டு வாசலிலோ போய் முடியும். காருக்குள்ளேயே படுத்து எழும்பினார்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடிக்கிற பங்கீடு வந்தது: காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம் பார்த்துத்தான் எந்த நாள் ஷெட்டுக்குப் போவது என்றே தீர்மானம். பஸ்ஸிலும் குறைந்த கட்டணம் 32 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 40க்குப் போனது, ஆனாலும் ஏறினோம், வேறு வழி இல்லை. 2023 செப்டெம்பரில் கியூஆரை நிறுத்தியதும் எல்லோரும் பழையபடி காருக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார்கள். நான் முழுதாகத் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காரணம் வெறும் சோம்பல் என்றுகூடச் சொல்லலாம். காலையில் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூட நெரிசலுக்குள் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் உளைந்து, பிறகு கோட்டையில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற வேலை ஒருமுறை கைவிட்டால் மறுபடி பிடிக்காது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். காலி வீதியிலிருந்து கடல் வரை நடந்தால் சில நிமிடம். அந்த ஒரு துண்டுக்குள் காலி வீதி, மரீன் டிரைவ், ரயில் பாதை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்கு 100, மொறட்டுவையிலிருந்து 101, மட்டக்குளிக்கு 155. என் கணவருக்கு வேலை நாரஹேன்பிட்டியில், அதற்கு வெள்ளவத்தையிலேயே புறப்படுகிற 141 இருக்கிறது. எனக்குக் கோட்டையில். காலையில் ஸ்டேஷனுக்கு இறங்கி நடந்தால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செக்ரட்டேரியட் ஹோல்ட், பிறகு கோட்டை. கடற்கரை ஓரமாகப் போகிற அந்தக் கோச்சிக்கு வீதிச் சிக்னல் லைட்டும் இல்லை, விஐபி வாகனத் தொடரும் இல்லை, வேல் விழா நாளில் தேர் வருகிறது என்று வீதியை மறிப்பதும் இல்லை. (தேர் வரட்டும், வருஷத்தில் ஒருதரம் காலி வீதியை முருகன் மறிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மற்ற நாட்களில் மறிக்கிறவர்கள் யாரென்று பார்த்தால் ஒரு காருக்கு ஒரு ஆளாக நாங்கள்தான்.) சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதம் முழுக்க ரயிலுக்குப் போகிற காசு காருக்கு ஒருதரம் டாங்க் நிரப்புகிற காசுக்குக் கிட்டவும் வராது.

நெரிசல் இல்லையா என்றால், இருக்கிறது. எட்டு மணி ஒஃபிஸ் கோச்சியில் கை தூக்கினால் இறக்க இடமில்லை, மிதிபலகையில் ஆட்கள் கொத்தாக நிற்பார்கள், மழைக்காலத்தில் ஜன்னல் சட்டர் பாதிதான் இறங்கும், கடல் காற்றோடு தண்ணீரும் முகத்தில் அடிக்கும். ஆனால் புறப்பட்டால் எப்போது போய்ச் சேருவேன் என்று ஓரளவுக்குத் தெரியும். காரில் அது தெரியாது.

பஸ் வேறு விதம். அதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும் "பஸ்ஸில மனுஷர் போவினமோ" என்று தொடங்குவது இந்த இடத்தில்தான்.

காலி வீதியில் தனியார் பஸ் ஒன்றுக்குள் நின்று பாருங்கள். முன்னால் புத்தருக்கும் பிள்ளையாருக்கும் சேர்த்து மின்னுகிற சின்ன பல்புகள், தலைக்குமேல் ஸ்பீக்கரில் காது கிழிகிற சிங்களப் பாட்டு. கொண்டக்டர் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு, உள்ளங்கையில் சில்லறையைக் குலுக்கியபடி சனத்துக்குள் மீனாய் நீந்தி வருவார். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன!" முன்னுக்குப் போகச் சொல்கிறார். முன்னுக்கு எங்கே போவது, டிரைவரின் மடிக்கா? டிக்கெட் கேட்டால்தான் கிழிப்பார். மிச்சக் காசை இறங்கும்போது தருகிறேன் என்பார், இறங்கும்போது நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டும், ஞாபகப்படுத்தினால் ஒரு பார்வை பார்ப்பார். இவ்வளவும் நடக்கிறபோது பஸ் சவோய் தியேட்டர் பக்கத்து ஹோல்ட்டில் நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்கும், இன்னும் இரண்டு பேர் ஏறுவார்களா என்று. திடீரென்று பின்னால் அதே நம்பர் பஸ் ஒன்று கண்ணில் பட்டதோ இல்லையோ, கொண்டக்டர் பஸ்ஸின் உடம்பில் படபடவென்று அடித்து "ஹரி ஹரி", சரி சரி, என்பார், ஊர்ந்த வண்டி பேய் பிடித்த மாதிரிப் பாயும். அந்தப் பாய்ச்சலில்தான் கிழவிகள் விழுகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு டிரைவரையும் கொண்டக்டரையும் திட்டுவது எங்களுக்கு வழக்கம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒருநாள் பின்னேரம் நெரிசலில் பஸ் அசையாமல் நின்றபோது முன்சீட்டில் இருந்த நான் அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன், ஏன் இந்த ஓட்டம் என்று. முதலாளிக்கு நாளைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறது, டீசல் அடிக்க வேண்டும், அதெல்லாம் போக மிஞ்சுவதுதான் தங்கள் இரண்டு பேருக்கும் என்றான். முன்னால் போன பஸ் சனத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. அப்படியென்றால் அவன் ஊர்வதும் பாய்வதும் திமிர் இல்லை, கணக்கு. மாதச் சம்பளம் வாங்குகிற நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

இது வானத்திலிருந்து விழுந்த முறை இல்லை. 1958இல் பஸ் கம்பனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை ஆக்கியது. 1979இல் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். திறந்துவிட்டதில் தப்பில்லை, ஆனால் வந்தவை பெரிய கம்பனிகள் இல்லை, ஒரு பஸ் இரண்டு பஸ் வைத்திருக்கிற தனித்தனி முதலாளிகள். ஒரே பாதையில் ஒரே நம்பரில் ஓடுகிற பஸ்கள் ஒன்றுக்கொன்று போட்டி. பயணி அவர்களுக்குப் பயணி இல்லை, பிடிக்க வேண்டிய இரை. சிவப்பு இ.போ.ச. பஸ்ஸில் டிரைவருக்குச் சம்பளம் உண்டு, அதனால் அந்தப் பாய்ச்சல் குறைவு, ஆனால் அது எப்போது வரும் என்பது அதற்கே தெரியாது.

பெண்களின் பாடு தனி. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 35 வயது வரையான பெண்களில் 90 சதவீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் 4 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்து ஆண்கள் ஆச்சரியப்பட்டார்கள். என்னோடு வேலை செய்கிற பெண்களில் ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. கைப்பையை முன்னால் பிடிப்பது, முழங்கையை வெளியே நீட்டி நிற்பது, ஊசி வைத்திருப்பது, எல்லாம் அம்மாமார் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். இப்போது நான் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே எரிச்சல் வருகிறது. "மகளை அந்தச் சனத்துக்குள்ள அனுப்ப ஏலாது, அதுக்குத்தான் கார்" என்று ஒரு சிநேகிதி சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? புவி சூடாகிறது என்றா? அவள் சொல்வது சரி. மகள் பகலில் கோச்சியில் போகிறாள், இரவு ரியூஷன் முடிந்து வருவதற்கு இவர் காரில் போய் ஏற்றுகிறார். அதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யுத்த காலத்தில், 1996 ஜூலையில், தெஹிவளை ஸ்டேஷனில் பின்னேர ஒஃபிஸ் கோச்சியில் குண்டு வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் பஸ் குண்டுகள் வெடித்தன. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள், அட்டையில் பெயரும் பிறந்த இடமும் பார்த்ததும் எங்கள் ஆட்களை மட்டும் ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள், பஸ் போய்விடும். குண்டுக்கும் பயம், செக்பொயின்டுக்கும் பயம். அம்மா இன்றைக்கும் ரயிலில் ஆளில்லாத ஒரு பை ராக்கையில் இருந்தால் "இது ஆற்றை?" என்று கேட்டுப் பெட்டி முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்துவிடுவார். அந்தத் தலைமுறை கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதல் வேலையாகக் கார் வாங்கியதை வெறும் பகட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவை இன்னமும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. முழங்கால் தேய்ந்தவர். பஸ்ஸின் முதற்படி அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, லொறிச் சட்டத்துக்குமேல் கட்டிய பஸ்தானே. ஏற ஒரு கையும் இறங்க ஒரு தோளும் வேண்டும், அதற்கிடையில் பஸ் நகரத் தொடங்கிவிடும். கிளினிக் நாளில் கார், இல்லாவிட்டால் பிக்மீ ஆப்பில் ஓட்டோ.

இப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் காருக்கு மிஞ்சுகிற வேலை கொஞ்சம்தான்: அம்மா, இரவு, மழையில் கலியாண வீட்டுக்குச் சேலையோடு போவது. மிச்சம் எல்லாம் பழக்கத்துக்காக ஓட்டியது. பாண் வாங்க மார்க்கெட் வரைக்கும் காரை எடுத்த குடும்பம் நாங்கள். காலி வீதியில் சுற்றி வளைத்து வந்து, நிறுத்த இடமில்லாமல் இவர் காரோடு சுற்ற, நான் ஓடிப்போய் வாங்கி வருவேன். நடந்தால் அதில் பாதி நேரம்.

எங்கள் தொடர்மாடியில் ஃப்ளாட் ஒன்றுக்குக் கார் நிறுத்த ஒரு இடம். இப்போது பல வீடுகளில் இரண்டாவது கார். பிள்ளைகள் பந்தடிக்கிற பின்முற்றத்தையும் கோடு போட்டுப் பார்க்கிங் ஆக்கினால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை. நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன், ஆனால் எண்ணிக்கையில் தோற்போம் என்று நினைக்கிறேன்.

நான் கண்ட பெரிய விஷயம் இதுதான். 2022இல் அந்தச் சில மாதங்கள் பஸ்ஸில் யார் யார் நின்றார்கள்? வங்கி மனேஜர் நின்றார், டொக்டர் நின்றார், காரைத் தவிர வேறெதிலும் ஏறாத பெரிய ஒஃபிஸ்காரர் சப்பாத்தை மிதிபடக் கொடுத்துக்கொண்டு நின்றார். அப்போது பத்திரிகையில் பஸ், டிவியில் பஸ், பேஸ்புக்கில் பஸ். ஏன் நேர அட்டவணை இல்லை, ஏன் டிக்கெட் இல்லை, ஏன் இவ்வளவு உயரப் படி என்று குரல் எடுபடுகிறவர்கள் கேட்டார்கள். பெற்றோல் வந்தது, அவர்கள் இறங்கிப் போனார்கள், கேள்வியும் அவர்களோடு இறங்கிப் போனது. பஸ்ஸில் மிஞ்சியவர்கள் கடைப் பெண்கள், பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள், சீருடைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள். அவர்கள் என்ன சொன்னாலும் எந்த அமைச்சருக்கும் காதில் விழாது. பஸ் மோசம் என்று நாங்கள் இறங்கினோம், நாங்கள் இறங்கியதால் அது மோசமாகவே இருக்கிறது.

கொழும்புக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 1899இலிருந்து 1960 வரை கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் டிராம் ஓடிய நகரம் இது. 1953இலிருந்து 1964 வரை மேலே மின்கம்பி பிடித்த டிரொலி பஸ் ஓடியது. இரண்டையும் கழற்றிப் போட்டார்கள். பிறகு மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில், ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 16 நிலையம், ஜப்பான் கடன். 2019இல் கடன் ஒப்பந்தம் எழுதி, 2020 செப்டெம்பரில் ரத்து செய்தார்கள். மாலபேயில் இருக்கிற என் சிநேகிதி காலையில் ராஜகிரிய தாண்டும்போது இதை நினைத்துச் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மாக்கும்புரவில் காரை நிறுத்திவிட்டு நகரத்துக்கு ஏசி பஸ்ஸில் வருகிற ஏற்பாட்டை 2021 ஜனவரியில் தொடங்கினார்கள், அது நல்ல யோசனை. கார் வேண்டாம் என்று யாரையும் அதட்டவில்லை, பாதி வழியில் விடு என்கிறது. பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை போட்டுப் பார்த்ததும் நல்ல யோசனைதான், ஆனால் அந்த ஒழுங்கைக்குள் காரைச் செருகுகிறவனைத் தினமும் பிடிக்கப் பொலிஸ் நிற்க வேண்டும், ஒரு கிழமைக்கு மட்டும் நின்றால் போதாது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மேல் மாகாணத்துக்கு 100 புதிய பஸ்களைப் பரீட்சார்த்தமாக விட 300 கோடி ரூபாய் ஒதுக்கியதாகச் சொன்னார்கள். எல்லோரும் ஏசி இருக்குமா, கார்டில் காசு கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டலாம் என்றால் நல்லது, மிச்சக் காசுச் சண்டை இருக்காது. ஆனால் நான் பார்க்கப்போவது இரண்டு விஷயம். ஒன்று, அதை ஓட்டுகிறவருக்கு மாதச் சம்பளமா, அன்றைய வசூலில் பங்கா. பங்கு என்றால் புது பஸ் பழைய பஸ் மாதிரியேதான் ஓடும், ஏசிக்குள் இருந்து விழுவோம். இரண்டாவது, படி தாழ்வாக இருக்குமா, அம்மா யாருடைய தோளும் இல்லாமல் ஏறுவாரா. இரண்டும் சரிவந்தால் கிளினிக்குக்கும் கார் தேவைப்படாது, காரை விற்கிற கதையை இவரிடம் எடுக்கலாம். இவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை, இப்போது விலை நல்லாய்ப் போகிறது என்று சொல்லிப் பார்க்க வேண்டியதுதான்.